மணல் வடித்த நீர்: கீழ்ப்பாக்கம் நிலத்தடித் தொட்டியும் தென்பெண்ணை ஆற்றுப்படுகையும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாநகரின் குடிநீர் வரலாறு ஏழுகிணறு (1772), செங்குன்றம் கால்வாய் (1872), கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் (1914) என்னும் மூன்று கட்டங்களாகப் பேசப்படுகிறது. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் மணலைக்கொண்டு நீரைத் தூய்மை செய்தவை. கள்ளக்குறிச்சி மாவட்டம் மூங்கில்துறைப்பட்டை ஒட்டி ஓடும் தென்பெண்ணையின் படுகையும் இதே பணியைச் செய்கிறது. நகரத்தில் இருக்கும் மணல் நீர்நிலையத்தின் உறுப்பாகவும் ஆற்றில் இருக்கும் மணல் சிறு கனிமமாகவும் வகைப்படுத்தப்பட்டதன் வரலாற்றையும், அவ்வகைப்பாட்டால் குடிநீருக்கு நேர்ந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கீழ்ப்பாக்கம் நீர்நிலையம், மெது மணல் வடிகட்டி, தென்பெண்ணை, மூங்கில்துறைப்பட்டு, ஆற்று ஊற்று, நீர் உறிஞ்சு கிணறு, சிறு கனிமம்.

முன்னுரை

நார்வே நாட்டின் தலைநகரான ஓஸ்லோவுக்கு நீர் வழங்கும் ஓசெட் சுத்திகரிப்பு நிலையம் மலைப்பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. மரிடால் ஏரியின் நீர் அப்பாறைக்குள் புகுந்து, தூய்மையாகி, நகர மக்களுள் பெரும்பாலோரின் வீடுகளுக்குச் செல்கிறது. மும்பை மலபார் குன்றின் தொங்கும் தோட்டத்தில் மாலையில் உலவுவோரின் காலடியில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மூடிய நீர்த்தேக்கம் இருக்கிறது. சென்னையில் 1914ஆம் ஆண்டு கீழ்ப்பாக்கத்தில் அமைந்த தூயநீர்த் தொட்டியும் நிலத்தடியிலேயே கட்டப்பட்டது. பெருநகரங்கள் தங்கள் குடிநீரை ஒளியிலிருந்தும் தூசியிலிருந்தும் மனிதக் கைகளிலிருந்தும் மறைத்து வைக்க முற்பட்டமை நவீன நகர வரலாற்றின் பொதுக்கூறுகளுள் ஒன்று.

இத்தகைய நிலையங்களின் வரலாறு பெரும்பாலும் பொறியாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. திட்டமிட்டவர், செலவிட்ட தொகை, திறந்துவைத்த நாள் ஆகியவை ஆவணங்களில் எளிதில் கிடைப்பதே அதற்குக் காரணம். நீரைத் தூய்மை செய்த பொருள் எது, அது எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கீழ்ப்பாக்கத்தைப் பொறுத்தவரை அப்பொருள் மணல். அதே மணல், அதே வேலையை, எந்தத் திறப்பு விழாவும் இன்றித் தமிழகத்தின் ஆறுகளில் செய்துவந்துள்ளது. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் பகுதிகளாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆற்றுக்கு எடுத்துக்காட்டாகத் தென்பெண்ணையில் சாத்தனூர் அணைக்குக் கீழே அமைந்த மூங்கில்துறைப்பட்டுப் பகுதி கொள்ளப்படுகிறது. அணை, கரும்பு, மணல், குடிநீர் ஆகிய நான்கின் நலன்களும் அங்கே ஓரிடத்தில் சந்திக்கின்றன.

ஏழுகிணறு

கிழக்கிந்தியக் கும்பினியாரின் புனித ஜார்ஜ் கோட்டை கடற்கரை மணலின்மேல் எழுந்தது. கோட்டைக்குள் நல்ல நீர் கிடைப்பது அரிதாக இருந்தது. முற்றுகைக் காலத்தில் வெளியிலிருந்து வரும் நீர் தடைப்பட்டால் படை தாக்குப்பிடிக்க முடியாது என்னும் அச்சம் ஆட்சியாளரை வருத்தியது. 1772இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி, இன்றைய வடசென்னையில் கோட்டைக்கு வடக்கே கிணறுகள் வெட்டப்பட்டன. அவற்றுள் ஏழு பயன்பாட்டில் நிலைத்தமையால் அப்பகுதி ஏழுகிணறு என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. நீர் இறைக்கப்பட்டுக் குழாய்வழியாகக் கோட்டைக்கு அனுப்பப்பட்டது.

ஏழுகிணற்று நீரின் தரத்திற்குக் காரணம் அந்நிலத்தின் மணல். மழைநீர் மணலின் வழியே இறங்கிக் கிணற்றை அடைவதற்குள் கலங்கல் நீங்கிற்று. கும்பினிப் பொறியாளர் செய்தது இடத்தைத் தேர்ந்ததும் கிணறு வெட்டியதும் மட்டுமே, வடித்தது நிலம். நகர் அக்கிணறுகளைச் சூழ்ந்து நெருங்கி வளர்ந்தபோது, வடிப்பதற்கு உரிய நிலமும் சுருங்கியது. மணல் வடிக்கக்கூடிய அளவுக்கும் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சென்னை முதலில் கற்றது இங்கேதான் எனலாம்.

செங்குன்றத்துத் திறந்த கால்வாய்

1866இல் பிரேசர் என்னும் பொறியாளர் முன்வைத்த திட்டம் ஏற்கப்பட்டு, கொசத்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணை கட்டப்பட்டது. அங்கிருந்து திருப்பிவிடப்பட்ட நீர் சோழவரம் ஏரிக்கும், பின் செங்குன்றம் ஏரிக்கும் வந்தது. செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் வரை திறந்த மண் கால்வாய் ஒன்றில், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடும் வகையில், நீர் கொண்டுவரப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் கட்டப்பட்ட செங்கல் கூண்டிலிருந்து நகரக் குழாய்கள் கிளைத்தன. 1872இல் வழங்கல் தொடங்கியது.

ஏரி நீர் வடிக்கப்படாமலே வீடுகளுக்குச் சென்றது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. நீரின் அளவு பெருகியது. தரம் ஏழுகிணற்றினும் தாழ்ந்தது. வழியில் கால்வாய் எவற்றைச் சேர்த்துக்கொண்டதோ அவற்றுடனேயே நீர் நகரை அடைந்தது. இந்நிலை 40 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அக்காலத்தில் மணல் வடிகட்டி அறியப்படாத ஒன்றன்று. லண்டனில் செல்சி நீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் 1829இலேயே மெது மணல் வடிகட்டியை அமைத்துவிட்டார். 1852இல் இயற்றப்பட்ட சட்டம் லண்டன் மாநகருக்கு வழங்கும் ஆற்று நீரை வடிகட்டியே வழங்கவேண்டும் என்றது. கல்கத்தா நகருக்கு ஹூக்ளி நீரை வடிகட்டி வழங்கும் பல்தா நீர்நிலையம் 1870 அளவில் இயங்கத் தொடங்கியது. எனவே 1872இல் சென்னைக்கு வடிகட்டி அமையாமையை அறிவுக் குறையாகக் கொள்ள இயலாது. நீரைக் கொண்டுசேர்ப்பதே முதன்மைப் பணி எனவும், தூய்மை பின்னர் பார்த்துக்கொள்ளத்தக்கது எனவும் கருதப்பட்டது என்றே கொள்ளவேண்டும்.

அக்கருத்தை உலக அளவில் மாற்றிய நிகழ்வு 1892இல் ஜெர்மனியில் நேர்ந்தது. ஹாம்பர்க், ஆல்டோனா ஆகியவை எல்பே ஆற்றங்கரையில் ஒட்டி அமைந்த இரு நகரங்கள். இரண்டும் அவ்வாற்று நீரையே பயன்படுத்தின. ஹாம்பர்க் வடிக்காமலும், ஆல்டோனா மணலில் வடித்தும் வழங்கின. அவ்வாண்டு வந்த வாந்திபேதியில் ஹாம்பர்க்கில் 8,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. இத்தனைக்கும் ஹாம்பர்க்கின் கழிவைத் தாங்கிய பின்னரே ஆறு ஆல்டோனாவின் நீர்நிலையத்தை அடைந்தது. மணல் கலங்கலை மட்டுமன்றி நோய்க்கிருமியையும் தடுக்கும் என்பது இதனால் ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது.

கீழ்ப்பாக்கம், 1914

சென்னைக்கான புதிய திட்டத்தைச் சிறப்புப் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி வகுத்தார். செங்குன்றம் ஏரியில் நீர் எடுப்பதற்கு ஜோன்ஸ் கோபுரம் அமைந்தது. மண் கால்வாய்க்கு மாற்றாக, செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு மூடிய கட்டுமானக் கால்வாய் கட்டப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் 14 மெது மணல் வடிகட்டிகள், நிலத்தடித் தூயநீர்த் தொட்டி, நீராவி எந்திரத்தால் இயங்கும் நீரேற்று நிலையம், உருக்கினாலான மேல்நிலைத் தொட்டி ஆகியவை எழுந்தன. 1961ஆம் ஆண்டில் நகர மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 காலன் தேவைப்படும் என்னும் கணக்கில் இவை வடிவமைக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

மெது மணல் வடிகட்டியின் இயக்கத்தைச் சற்று விரிவாகக் காண்பது பின்வரும் ஒப்பீட்டுக்குத் தேவையாகிறது. அகன்ற தொட்டி ஒன்றின் அடியில் வடிகால்களும், அவற்றின்மேல் சரளைக்கல் அடுக்கும், அதன்மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு மணலும் பரப்பப்படும். ஏரி நீர் மணலின்மேல் தேங்கி, மணிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் அளவில் கீழிறங்கும். முதல் சில நாள்கள் வடிநீர் குடிக்கத்தக்கதாக இராது. மணலின் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மெல்லிய வழுவழுப்பான படலமாக முதிர்ந்த பின்னரே வடிப்பு செம்மையாகும். அதாவது, உண்மையில் தூய்மை செய்வது மணலில் குடியேறிய உயிர்களே. மணல் அவற்றுக்கு இடம் தருகிறது. படலம் தடித்து நீர் இறங்குவது குறையும்போது, தொட்டியை வற்றவைத்து, மேற்பரப்பில் ஓரிரு சென்டிமீட்டர் மணலைச் சுரண்டி எடுப்பர். அம்மணல் கழுவப்பட்டு மீண்டும் படுகைக்கே திரும்பும். மண்வெட்டியும் கூடையும் கொண்டு இவ்வேலையைச் செய்த தொழிலாளர்களின் பெயர்களைத் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் காண இயலாது. ஆயினும் நகரின் உடல்நலம் அவர்கள் கைகளில் இருந்தது என்பது மிகையன்று.

வடிகட்டிகள் வானம் பார்த்துத் திறந்திருக்க, வடித்த நீருக்குரிய தொட்டி மட்டும் நிலத்தடியில் மூடி வைக்கப்பட்டதற்குத் தெளிவான காரணம் உண்டு. வடிகட்டியின் மேற்பரப்பில் ஒளிபடுவதால் வளரும் பாசி ஓரளவு பயன்தரும். வடித்த நீரில் அதே பாசி வளர்ந்தால் சுவையும் மணமும் கெடும். இருளில் பாசி வளர்வதில்லை. மண் போர்த்திய தொட்டியில் நீர் கோடையிலும் அதிகம் சூடேறாது. பறவையின் எச்சமும் தெருத்தூசியும் விழமாட்டா. இவை தொழில்நுட்பக் காரணங்கள். இவற்றுடன் சமூக மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. ஏழுகிணற்று நீரை எட்டிப் பார்த்து அறிய முடிந்தது; கால்வாய் நீரின் கலங்கலைக் கண்டு குறைகூற முடிந்தது. நிலத்தடித் தொட்டி நீரைப் பற்றி நகரவாசி அறிந்துகொள்வது ஆய்வகத்தின் சொல் மூலமே. நீரின்மேல் வைத்த நம்பிக்கை கண்ணிலிருந்து நிறுவனத்துக்கு மாறியது. தமிழகத்தில் 'குழாய்த் தண்ணீர்' என்னும் சொல்லில் ஒலிக்கும் மதிப்பும் ஐயமும் இக்காலத்தில் வேர்கொண்டவை ஆகலாம்.

பிற்காலக் கதை சுருக்கமானது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் நிறைவுற்றது. கீழ்ப்பாக்கத்தில் விரைவு மணல் வடிகட்டிகள் சேர்ந்தன. 1978 ஆகஸ்ட் 1 அன்று சென்னைப் பெருநகர்க் குடிநீர் வாரியம் தோன்றி, மாநகராட்சியிடமிருந்து பொறுப்பை ஏற்றது. 2007இல் செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் திறனுடைய நிலையம் வந்தது. எனினும் ஒரு நிகழ்வைக் குறிப்பிடாமல் கடக்க இயலாது. 1960களின் இறுதியில், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன், ஆரணியாறு–கொசத்தலையாறு வடிநிலத்தில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய கிணற்று வயல்கள் கண்டறியப்பட்டன. அவை ஆறுகள் முன்பு விட்டுச்சென்ற மணல் தடங்களில் தேங்கிய நீரைப் பயன்படுத்தியவை. ஏரிக்குப் போன நகரம் நூறாண்டுக்குள் மீண்டும் மணலிடமே திரும்பியது. மிகுதியாக இறைக்கப்பட்டதால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுந்தது.

துறையும் ஊற்றும்

மூங்கில்துறைப்பட்டு தென்பெண்ணையின் தென்கரையில் உள்ள ஊர். திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம், கள்ளக்குறிச்சி செல்லும் வழி இங்கே ஆற்றைக் கடக்கிறது. ஊர்ப்பெயரின் நடுவில் நிற்கும் 'துறை' என்னும் சொல் ஆற்றில் இறங்கும் இடத்தைச் சுட்டுவது. ஈற்றிலுள்ள 'பட்டு' என்பதைப் 'பற்று' என்பதன் திரிபாகக் கொள்வர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்ததால் கரும்பு வட்டாரத்தின் மையமாகவும் ஊர் விளங்குகிறது. தெற்கே கல்வராயன் மலைத்தொடர். மேற்கே, ஆற்றின் மேல்பகுதியில், 1958இல் நிறைவுற்ற சாத்தனூர் அணை.

தென்பெண்ணை ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் காட்சியளிக்கும் ஆறு. 'ஆறு வற்றிவிட்டது' என்னும் வழக்கு மேற்பரப்பைக் கண்டு சொல்லப்படுவது. மணலின் துளைகளில் நீர் நின்று, மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். கோடையில் கரையோர மக்கள் படுகையில் கையாலோ சிரட்டையாலோ குழி தோண்டுவர்; முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்துக் கொட்டுவர்; தெளிந்து ஊறத் தொடங்கியபின் முகந்து குடத்தை நிரப்புவர். இதுவே ஊற்று. கீழ்ப்பாக்கத்தில் புதிதாகச் சுரண்டிய வடிகட்டியின் முதல் நீரைப் பயன்படுத்தாமல் வெளியேற்றும் முறையை இது நினைவூட்டுகிறது. இரண்டும் ஒன்றல்ல: ஊற்றில் நீங்குவது குழிதோண்டியதால் எழுந்த கலங்கல், வடிகட்டியில் எதிர்பார்க்கப்படுவது உயிர்ப்படலத்தின் முதிர்ச்சி. ஆனால் காத்திருந்து நீர் எடுக்கவேண்டும் என்னும் அறிவு இரண்டிலும் உண்டு. வடிகட்டியில் நீர் சில மணி நேரத்தில் மணலைக் கடக்கும். ஆற்றுப்படுகையில் அது பல நாள்களுக்கு மணலுக்குள் பயணம் செய்யலாம். அவ்வகையில் ஆறு கீழ்ப்பாக்கத்தினும் மெதுவான வடிகட்டி.

ஆற்றுப்படுகை நீரை முறையாகப் பெறும் தொழில்நுட்பம் தமிழகத்தில் மிகப் பழமையானது. கீழடி, அரிக்கமேடு, பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரம் முதலிய அகழாய்விடங்களில் சுடுமண் உறைகிணறுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் சில கழிவுநீர் இறங்கும் குழிகளாக இருந்திருக்கலாம் என்னும் கருத்து உண்டு. எல்லாவற்றையும் குடிநீர்க் கிணறுகளாகக் கொள்வது மிகை. ஆயினும், சரியும் மணலில் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி நீரை எட்டும் நுட்பம் தெளிவாக அறியப்பட்டிருந்தது. இன்று ஆறுகளில் எழுந்துநிற்கும் கான்கிரீட் நீர் உறிஞ்சு கிணறுகளும் அந்த அடிப்படையிலேயே இறக்கப்படுகின்றன. அவற்றுள் பெரியவற்றின் அடியிலிருந்து துளையிட்ட குழாய்கள் மணலுக்குள் ஆரக்கால்கள்போல் நாற்புறமும் நீளும். 1930களில் லியோ ரானி என்பவரால் லண்டனில் முதலில் அமைக்கப்பட்ட முறை இது. 1971இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஆறுகளில் அமைத்த கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பலவும் இத்தகைய கிணறுகளை நம்பியவை. விழுப்புரம் நகரம் உட்படத் தென்பெண்ணைக் கரையின் ஊர்கள் பல படுகை நீரையே குடிக்கின்றன. இக்கிணறுகளிலிருந்து ஏற்றப்படும் நீருக்குப் பெரும்பாலும் குளோரின் கலப்பதே போதுமானதாகிறது. வடிக்கும் பணியை ஆறு முன்பே முடித்திருக்கும். நிலத்தடிச் சுத்திகரிப்பு நிலையம் என்று சொல்லத்தக்கது மூங்கில்துறைப்பட்டில் இருப்பின், அது இந்தப் படுகையே.

இதனைப் பழங்காலப் பொற்காலமாகச் சித்திரிக்க இடமில்லை. கிணறுகளிலும் குளங்களிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இருந்த தடை தமிழகக் கிராம வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. ஆற்றங்கரையும் அதற்கு விலக்கன்று. துறைகள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. ஊற்று தோண்டிக் குடம் சுமக்கும் உழைப்பு பெண்கள்மேல் விழுந்தது. மணலின் ஆற்றலுக்கும் வரம்பு உண்டு. கரைந்த உப்பையும் உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டையும் அது முழுமையாக நீக்குவதில்லை. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி எனப் பெயர்பெறும் இவ்வாறு பெங்களூருவின் கழிவுநீரைச் சுமந்தே தமிழகத்துக்குள் நுழைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் காட்சி ஆண்டுதோறும் செய்தியாகிறது. மூங்கில்துறைப்பட்டை அடையும் முன் அந்நீர் பல தேக்கங்களில் தங்கிவருகிறது என்பது ஓரளவு ஆறுதல்.

மணலின் வகைப்பாடு

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் சாதாரண மணலைச் 'சிறு கனிமம்' என்னும் வகையில் சேர்த்தது. குறித்துரைக்கப்பட்ட சில பயன்பாடுகளுக்கான மணல் மட்டும் அவ்வகையினின்று விலக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டின் விதிகள் அப்பயன்பாடுகளைப் பட்டியலிட்டன: கண்ணாடி, மட்பாண்டம், உலோகத் தொழில், ஒளியியல் கருவிகள், நிலக்கரிச் சுரங்கக் குழிகளை நிரப்புதல் முதலியன. அப்பட்டியலில் குடிநீர் வடித்தல் இல்லை. சட்டம் மணலை எடுத்தபின் அதற்கு உண்டாகும் பயனைக் கருதியது. எடுக்காமல் விடுவதால் உண்டாகும் பயனை வகைப்படுத்த அதில் இடமில்லை. சாத்தனூர் அணை நிறைவுற்றதற்கு முந்தைய ஆண்டில் இச்சட்டம் வந்தது என்பதும் நோக்கத்தக்கது.

இவ்விரண்டும் சேர்ந்தே படுகையின் எதிர்காலத்தை வரையறுத்தன. அணை நீரை மட்டும் தேக்குவதில்லை. மேலிருந்து உருண்டுவரும் பருமணலின் பெரும்பகுதியும் தேக்கத்திலேயே படிந்துவிடும். 119 அடி உயரத்துக்கு நீர் தேங்கும் சாத்தனூரிலிருந்து திறக்கப்படும் வெள்ளம் மணல் குறைந்த வெள்ளமாகவே வெளிவருகிறது. அத்தகைய வெள்ளம் கீழ்ப்பகுதியில் இருக்கும் மணலை அரித்துச்செல்லும் இயல்புடையது. எனவே அணைக்குக் கீழுள்ள பகுதி, கிளையோடைகள் கொண்டுவருவது நீங்கலாக, 1958க்கு முன் சேர்ந்த மணலையே பெரிதும் முதலாகக் கொண்டுள்ளது. அங்கே எடுக்கப்படும் மணல் அடுத்த வெள்ளத்தில் திரும்பிவிடும் என்னும் பொதுநம்பிக்கை இப்பகுதிக்குப் பொருந்துவது கடினம்.

மணலின் தேவை 1990களுக்குப் பின் பெருகியது. சென்னை உள்ளிட்ட நகரங்களின் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஆற்றுமணல் லாரிகளில் சென்றது. 2003 அக்டோபரில் தமிழக அரசு, சிறு கனிம விதிகளில் 38-அ என்னும் விதியைச் சேர்த்து, மணல் குவாரிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பொதுப்பணித் துறை அவற்றை நடத்தியது. ஆற்றையும் பாசனத்தையும் காக்கவேண்டிய துறையே மணலை விற்கும் துறையுமாயிற்று. தனியார் குத்தகையின் அளவற்ற அகழ்வைக் கட்டுப்படுத்துவது நோக்கமாக அறிவிக்கப்பட்டது. நோக்கம் எதுவாயினும், ஒரே அலுவலகத்தில் இரு நலன்களையும் வைத்தது பொருத்தமான ஏற்பாடு ஆகாது.

இழப்பைக் குடிநீரின் அளவையில் கணக்கிட்டுக் காணலாம். ஆற்றுமணலின் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, கிணறு இறைத்துக்கொள்ளத்தக்க நீராக இருக்கும் எனக் குறைவாகவே கொள்வோம். ஒரு எக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழ மணல் என்பது 10,000 கன மீட்டர்; அதில் தங்கும் நீர் 20 லட்சம் லிட்டர். ஊரக வீட்டுக் குடிநீர் இணைப்புத் திட்டமான ஜல் ஜீவன் இயக்கம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என அளவு வைத்துள்ளது. அவ்வளவின்படி, அந்த ஒரு மீட்டர் மணலின் நீர் ஏறக்குறைய நூறு பேருக்கு ஓராண்டுத் தேவை. லாரிக்கணக்கில் சொன்னால், 2 யூனிட் மணல் 200 கன அடி. அது தாங்கும் நீர் 1,100 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது ஒருவருக்கு 20 நாள் தேவை. மணல் இருக்கும்வரை ஒவ்வொரு வெள்ளத்திலும் அந்த இடம் மீண்டும் நிரம்பும். மணல் போனபின் ஆண்டுதோறும் அவ்வளவு நீரும் தங்க இடமின்றிக் கடலுக்குப் போகும்.

நீரின் அளவு மட்டும் குறைவதில்லை. நீர் உறிஞ்சு கிணற்றின் கிடைக்குழாய்களுக்கு மேலிருக்கும் மணலின் கனம் குறைந்தால், நீர் மணலுக்குள் பயணம் செய்யும் நேரமும் குறையும். கீழ்ப்பாக்கத்தின் வடிகட்டியில் ஒரு மீட்டர் மணலுக்கு மாற்றாக 30 சென்டிமீட்டர் மணலை வைத்துக்கொண்டு அதனைச் சுத்திகரிப்பு நிலையம் என்று எந்தப் பொறியாளரும் சான்றளிக்கமாட்டார். ஆற்றில் அதே குறைவு குவாரி அனுமதியின் ஆழ வரம்பாகவே அறியப்படுகிறது. படுகை தாழும்போது கரையோர விவசாயக் கிணறுகளின் நீர்மட்டமும் சேர்ந்து தாழ்கிறது; பாசன வாய்க்கால்களின் தலைமதகு ஆற்றுக்கு மேலே நின்றுவிடுகிறது. கரும்புக்கு ஆழ்துளைக் கிணறு இன்னும் ஆழமாகப் போகிறது. ஆழ்துளை நீர் பாறை இடுக்குகளிலிருந்து வருவது. மணல் வடித்த நீரின் சுவையும் மென்மையும் அதில் எதிர்பார்க்கத்தக்கன அல்ல.

சட்டத்தின் பார்வையில் பிற்காலத்தில் மாற்றங்கள் வந்தன. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தீபக் குமார் எதிர் அரியானா அரசு வழக்கில், 5 எக்டேருக்குக் குறைந்த பரப்பில் சிறு கனிமம் எடுக்கவும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஆறு மீண்டும் நிரப்பித் தரும் அளவை ஆராய்ந்தபின்னரே மணல் எடுக்கவேண்டும் என்றன. 2023இல் தமிழக அரசு செயற்கை மணலுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. இவை பயனுள்ளவை. ஆயினும் மீள்நிரப்பு என்பது மணலின் கன அளவில் அளக்கப்படுவது. அம்மணல் தாங்கிய நீரின் அளவும், அதனை நம்பிய கிணறுகளின் எண்ணிக்கையும், அணைக்குக் கீழுள்ள பகுதிக்கும் அணையில்லாப் பகுதிக்கும் உள்ள வேறுபாடும் அக்கணக்கில் சேர்க்கப்படவேண்டும். மூங்கில்துறைப்பட்டு முதல் திருக்கோவிலூர் வரையிலான பகுதியைத் தனி அலகாகக் கொண்டு இவ்வாய்வு தொடங்கப்படலாம். 2024 டிசம்பர் 2 அன்று பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டபின் படுகையின் வடிவமே மாறியிருக்கும் என்பதால், பழைய அளவீடுகளை அப்படியே கொள்வதும் இயலாது.

இழந்த நீர்மட்டத்தை மீட்க அரசு மேற்கொண்ட வழி தடுப்பணைகள். தென்பெண்ணையின் கீழ்ப்பகுதியில் தளவானூருக்கும் எனதிரிமங்கலத்துக்கும் இடையே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டப்பட்ட தடுப்பணை 2020இல் பயன்பாட்டுக்கு வந்தது. நிலத்தடி நீரைச் செறிவூட்டுவதே அதன் நோக்கம். 2021 ஜனவரியில் அதன் ஒருபுறம் உடைந்து, தேங்கிய நீர் வெளியேறியது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில், அதே ஆற்றில், பழைய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது.